ஐம்பத்தைந்து அங்குலம், இன்றைய விலை

செப்டம்பர் 9

சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பதினைந்தாயிரம் பவுண்டு. பள்ளி அலுவலகத்தில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து போட்ட சீட்டு. என் முறை ஒன்பதாவது. முதலில் எடுத்தவள் அந்தப் பணத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கினாள். இன்று அதே பணத்துக்கு அதன் கதவு கிடைத்தால் பெரிய விஷயம்.

பத்தாயிரத்துக்குள் மகள் அபீரின் கல்யாணச் சீருக்கு ஒரு டிவி. மீதியில் எனக்குக் கீழ்வரிசைப் பல். இதுதான் திட்டம். மூன்று வருடமாக இடது பக்கத்திலேயே மென்றுகொண்டிருக்கிறேன்.

மாலையில் ஹாஜ்ஜா தஹானி வந்தாள். மாப்பிள்ளை ஹைதமின் தாய். மார்ச்சில் ஃபாத்திஹா ஓதிப் பேசி முடித்தபோதே பங்கு பிரித்தாயிற்று. வீடு, கட்டில், சோபா அவர்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்படிச் சாமான், டிவி நாங்கள். அப்போது டிவி என்றுதான் பேச்சு. எத்தனை அங்குலம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

"டிவி பாத்துட்டீங்களா, உம்மு அபீர்?" என்றாள், என் வீட்டுத் தேநீரில் நாலாவது கரண்டி சர்க்கரையைக் கலக்கியபடி.

"பாக்கணும், ஹாஜ்ஜா."

"நான் ஒண்ணும் கேக்கலை. மேல்மாடியில என் பெரிய மருமக ரஷா அம்பத்தஞ்சு கொண்டாந்தா. அவளா ஆசைப்பட்டுக் கொண்டாந்தா. ஒரே படிக்கட்டு ஏறிப் போற ரெண்டு மருமக. ஊர் வாய் சும்மா இருக்காது பாருங்க, அதுக்குச் சொன்னேன்."

கேட்கவில்லையாம்.

செப்டம்பர் 11

தமன்ஹூர் கடைத்தெருவுக்கு நானும் என் வீட்டுக்காரர் லுத்ஃபியும் அபீரும் போனோம். ஏழு கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் லுத்ஃபி டிவிக்கு முன்னால் நின்று பந்தாட்டம் பார்த்தார். பன்னிரண்டு டிவியிலும் ஒரே கோல் விழுந்தது, பன்னிரண்டையும் பார்த்தார். விலை கேட்டவள் நான், பேரம் பேசியவள் நான், கால் வீங்கியது எனக்கு.

கடைசியில் நஸீம் கடை. நஸீம் நல்ல மாதிரிதான், ஆனால் வாய் ஓயாது.

"அக்கா, இதப் பாருங்க. ஃபோர் கே. நடிகை மூஞ்சியில இருக்கிற மயிர்க்கால்கூடத் தெரியும்."

"எனக்கு எதுக்குப்பா அவ மயிர்க்கால்?"

"வர்ற விருந்தாளிங்க பாப்பாங்கல்ல?"

நாற்பத்துமூன்று அங்குலம் பத்தாயிரத்து இருநூறு. ஐம்பது, பதினாலாயிரத்து எழுநூறு. ஐம்பத்தைந்து, பேர் தெரியாத கம்பெனி என்றாலே பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. பேர் தெரிந்ததன் விலையை நஸீமே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அபீர் நாற்பத்துமூன்றின் முன்னால் நின்றாள். "இது அழகா இருக்கும்மா. இதுவே போதும்." அவள் கண்ணில் அந்த வீடே தெரிந்தது. சோபா எங்கே, திரைச்சீலை என்ன நிறம், எல்லாம் மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறாள் போல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஒரு பொருளைப் பார்த்து இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

செப்டம்பர் 12

நாற்பத்துமூன்று. முடிவு. பல்லும் உண்டு.

செப்டம்பர் 16

ஹைதம் வந்தான். மின்வேலை செய்கிறவன், எங்கே போனாலும் அளவு நாடா பையில் இருக்கும். புது வீட்டு ஹாலை அளந்துவிட்டு வந்திருக்கிறான். அகலம் இரண்டு மீட்டர் அறுபது.

"அத்தை, சோபா போட்டா நடுவுல ரெண்டு மீட்டர்கூடத் தேறாது. அம்பத்தஞ்ச மாட்டினா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குக் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். நாப்பத்துமூணுதான் சரி. அம்மாவ நான் பாத்துக்கறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு வீண் கஷ்டம் வேண்டாம், அத்தை. அபீர் சொன்னா."

அபீர் சொன்னாளாம். என்ன சொன்னாள்? சீட்டுப் பணம் எவ்வளவு, பல் டாக்டர் எவ்வளவு கேட்டார், எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவன் போன பிறகு கேட்டேன்.

"சொன்னேன். அதுல என்னம்மா தப்பு? அவர் என்ன வேத்து ஆளா?"

இன்னும் வேற்று ஆள்தான். நிக்காஹ் ஆகும்வரை வேற்று ஆள்தான். நாளைக்கு அவன் அதைத் தன் அம்மாவிடம் சொல்வான், அவள் மேல்மாடி ரஷாவிடம் சொல்வாள், ரஷா அந்தத் தெருவுக்கே சொல்வாள்: பாவம், பெண்ணின் அம்மாவுக்குப் பல் கட்டக்கூட வழியில்லை, நாங்கள்தான் பார்த்துச் சின்னதாகக் கேட்டோம் என்று. இருபத்தாறு வருடம் வேலை பார்த்தது இதைக் கேட்கவா? என்மேல் இரக்கப்பட இவன் யார்?

லுத்ஃபி சொல்கிறார், பையன் நல்லதுக்குத்தான் சொன்னான் என்று. இவருக்கு எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்வார்கள்.

செப்டம்பர் 20

ஐம்பத்தைந்து வாங்கிவிட்டேன்.

சீட்டுப் பணம் முழுக்கப் போயிற்று. குறைந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கு, அபீர் பிறந்தபோது லுத்ஃபி போட்ட மோதிரம். தட்டான் எடை போடும்போது நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டியப் பிரிச்சு ஓட்டிக் காட்டறேன் அக்கா, பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான் நஸீம். வேண்டாம் என்றேன். சீர் வண்டியில் ஏறும்போது கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருக்க வேண்டும். பிரித்த பெட்டியைப் பார்த்தால், பழசை வாங்கிக் கட்டிவிட்டாள் என்று தஹானி அங்கேயே ஆரம்பித்துவிடுவாள்.

ஆட்டோவில் பெட்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தது. தெருவே பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று ஆட்டோக்காரனை மெதுவாகப் போகச் சொன்னேன்.

வேலையிலிருந்து வந்த அபீர் பெட்டியைப் பார்த்தாள். "யாருக்கும்மா இது?" என்றாள். "உனக்குத்தான்டி, வேற யாருக்கு?" என்றேன். கைகழுவப் போய்விட்டாள்.

அக்டோபர் 3

பெட்டி வரவேற்பறைச் சுவரோரம் நிற்கிறது. மேலே பழைய போர்வை. எங்கள் டிவி இருபத்தோரு அங்குலம், பின்னால் கூன் விழுந்த பழைய மாடல். அதில் ஆட்டக்காரர், செய்தி வாசிப்பவள், இமாம் எல்லோரும் பச்சை.

இன்று பெரிய ஆட்டமாம். லுத்ஃபி போர்வையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை, இன்ஷிராஹ். அப்புறம் அப்படியே ஒட்டி வச்சிடலாம். தபாலாபீஸ்ல முப்பது வருஷமா பார்சல் ஒட்டறவன் நான்."

"தொட்டீங்கன்னா கைய ஒட்டிடுவேன்" என்றேன். அபீர் சிரித்தாள். நாளாயிற்று அவள் சிரித்து.

ஜனவரி 28

டாலர் ஏறிவிட்டது. எல்லாமே ஏறிவிட்டது. நஸீம் கடையில் அதே டிவி, அதே பெட்டி, முப்பத்தோராயிரம்.

எனக்கு முதலில் தலை சுற்றியது, அப்புறம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வாழ்க்கையில் முதல்தடவை ஒன்றைச் சரியான நேரத்தில் வாங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன். "என்ன அக்கா, உங்க நிலத்த விசாரிக்க வந்தீங்களா?" என்கிறான் நஸீம்.

வலது பக்கம் இன்னொரு பல் ஆடுகிறது.

பிப்ரவரி 6

தங்கை ஸுஹைர் வந்திருந்தாள். முலுகியாக் கீரைக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, அபீரின் சீர்ப் பட்டியல் எப்போது எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பெருநாளுக்குப் பிறகு என்றேன்.

"விலையப் பாத்து எழுதச் சொல்லுக்கா" என்றாள். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அவளை அவள் புருஷன் விவாகரத்துச் செய்து அனுப்பியபோது நானும் அங்கேதான் நின்றேன். பதினான்கு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு, பட்டியல்படி அவளுக்குத் திருப்ப வேண்டிய சாமான் எதையும் அவன் தரவில்லை. பட்டியலில் எழுதிய விலையைத் தந்தான். கல்யாணத்தன்று எழுதிய விலை. ஃப்ரிட்ஜுக்கு ஆயிரத்து இருநூறு. அந்தப் பணத்தில் அவளால் ஒரு அடுப்புகூட வாங்க முடியவில்லை. கோர்ட்டில் அவன் வக்கீல் அந்தத் தாளை நீட்டி, இதோ உங்கள் அப்பா ஒத்துக்கொண்ட விலை என்றான்.

எங்கள் அப்பா மானஸ்தர். பிள்ளையை நம்பிக் கொடுக்கிறோம், விலையில் என்ன இருக்கிறது என்று சொல்லி எழுதியவர்.

ஏப்ரல் 19

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஹைதம், அவன் அப்பா ஹாஜ் மஹ்ரூஸ், தஹானி. ஆண்கள் வரவேற்பறையில், நானும் தஹானியும் அபீரும் உள்ளறையில், கதவு பாதி திறந்து. வழக்கம் அதுதான். பெருநாள் பலகாரம், தேநீர், எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தஹானி என் பலகாரத்தை ஐந்து தின்றாள், மாவு கொஞ்சம் வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே.

லுத்ஃபி படிக்க, மஹ்ரூஸ் எழுதினார். கட்டில், சோபா, கம்பளம், தட்டு, குவளை. எல்லாம் பெண்ணுக்குச் சொந்தம், பிரிந்தால் மாப்பிள்ளை திருப்பித் தர வேண்டும், கடைசியில் அவன் கையெழுத்து. டிவி வந்தது. லுத்ஃபியிடம் மூன்று தடவை சொல்லி வைத்திருந்தேன், முப்பத்தோராயிரம் என்று. இவர் ரசீதைப் பார்த்து அப்படியே படிக்கிறார்: "டிவி, அம்பத்தஞ்சு அங்குலம், ஒண்ணு. பத்தொம்பதாயிரத்து ஐந்நூறு."

நான் கதவண்டை வந்துவிட்டேன். "அது வாங்கின விலை. இன்னைக்கு விலை முப்பத்தொண்ணு. அதத்தான் எழுதணும்."

மஹ்ரூஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்கின விலையத்தான்மா எழுதுறது."

"நாளைக்கு உங்க பையன் அத ஒடச்சிட்டா, பத்தொம்பதாயிரத்துக்கு எங்க போய் வாங்குவா என் பொண்ணு?"

"அப்ப ஃப்ரிட்ஜுக்கும் இன்னைக்கு விலையா?"

"ஃப்ரிட்ஜுக்கும்."

"எங்க காசுல நாங்க வாங்கின கட்டிலுக்கும் ரெண்டு பங்கு விலை போட்டு உங்க பொண்ணுக்கு எழுதித் தரணுமா?" பேனாவைக் கீழே வைத்தார். "கல்யாணத்துக்கு எழுதறோமா, விவாகரத்துக்கு எழுதறோமா, உம்மு அபீர்? இன்னும் பொண்ணு வீட்டுக்கே வரலை. அதுக்குள்ள வெளிய போற வழிக்கு விலை பேசறீங்க."

ஸுஹைருக்கு நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உள்ளேயிருந்து தஹானி, "குடும்பம் நடத்தத் தெரிஞ்சவளுக்குப் பட்டியல் எதுக்கு?" என்றாள். என் தங்கையைப் பற்றி. என் பலகாரத்தைத் தின்றுகொண்டு.

அப்போது நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். "கையெழுத்துப் போட பயப்படற வீட்டுல என் பொண்ண எப்படி விடறது?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ஹைதம் பேனாவை எடுத்தான். "நான் போடறேன்பா. எந்த விலை வேணும்னாலும் எழுதட்டும், போடறேன்." மஹ்ரூஸ் கையை நீட்டினார். நீட்டிய கையில் பேனாவை வைத்துவிட்டான் அவன். இருபத்தெட்டு வயது ஆள். அதை நான் பார்த்தேன். அபீரும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

போய்விட்டார்கள்.

ஏப்ரல் 20

லுத்ஃபி காலையில் தேநீர் குடிக்கும்போது: "நீ சொன்னது சரிதான், இன்ஷிராஹ். ஆனா சொல்லியிருக்க வேண்டாம்."

அப்ப எதுக்கு சரி? சரியானத சொல்லக் கூடாதுன்னா எதத்தான் சொல்றது? முப்பது வருஷமா இந்த ஆளு வாயத் தொறக்காத எடத்துலெல்லாம் நான்தானே தொறந்தேன். வீட்டு வாடகைக்கு, அபீர் ஃபீஸுக்கு, அவரோட பதவி உயர்வுக்கு. நான்தான் வாயாடி, அவரு நல்லவரு.

ஏப்ரல் 23

ஹைதம் தனியாக வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உட்காரவில்லை.

"அத்தை, பட்டியல்ல பத்தொம்பதே இருக்கட்டும், அப்பாவோட மரியாதைக்கு. மீதிக்கு நான் தனியா ஒரு தாள் எழுதித் தர்றேன். டிவிக்கு, ஃப்ரிட்ஜுக்கு, எல்லாத்துக்கும். கையெழுத்துப் போட்டு உங்க கையிலயே குடுத்துடறேன். வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

அபீர் என்னைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "அம்மா, போதும்மா. இது போதும்" என்றாள்.

எனக்கு ஸுஹைர் புருஷனின் வக்கீல் ஞாபகம் வந்தான். ஒளித்து எழுதிய தாளுக்கு என்ன மதிப்பு? நாளைக்கு அந்த அப்பன் கையை நீட்டினால் அந்தத் தாளையும் கொடுக்கமாட்டானா இவன்? பேனாவைக் கொடுத்தவன்தானே. "நாலு பேர் முன்னாடி பட்டியல்ல எழுது. இல்லேன்னா வேண்டாம்" என்றேன்.

அவன் அபீரிடம், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். படியில் இறங்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. நான் கூப்பிட்டிருக்கலாம்.

ஏப்ரல் 30

தஹானி ஆள் அனுப்பினாள். நஸீபு இல்லை, விதி கூடிவரவில்லை, அவரவர் வழியைப் பார்க்கலாம் என்று.

முறித்தது அவர்கள். ஆகவே நிச்சயத்துக்குப் போட்ட தங்கம் பெண்ணுக்கே, வழக்கம் அதுதான். திருப்பித் தரக் கூடாது என்று அபீரிடம் சொன்னேன். அவள் மோதிரம், இரண்டு வளையல் எல்லாவற்றையும் கழற்றிப் பஞ்சில் சுற்றி, வந்த ஆளிடமே கொடுத்தனுப்பினாள். வளையல் கழலவில்லை, சோப்புப் போட்டு இழுத்தாள். கை புண்ணாகிவிட்டது. மருந்து போடப் போனேன், கையைத் தரவில்லை.

மே 8

அபீர் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், சம்பளத்தில் வீட்டுப் பங்கை மேசைமேல் வைக்கிறாள். "அம்மா" என்ற சொல் காதில் விழுந்து பதினைந்து நாள்.

மே 17

பள்ளியில் ஒருத்தி, உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றாள். அவளுக்கு மூன்றும் பையன்கள்.

ஜூன் 2

ஸுஹைரிடம் போய் அழுதேன். அவளுக்காகத்தானே நின்றேன், அவளாவது சொல்லட்டும் என்று. கண்ணைத் துடைத்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "என் புருஷன் அப்படி ஒரு தாள் எழுதித் தர்றேன்னு ஒரு நாளும் சொன்னதில்லக்கா" என்றாள்.



ஜூன் 21

ஹைதமுக்கு அவன் மாமன் மகளைப் பேசியிருக்கிறார்களாம். நஸீம் கடைக்கு டிவி பார்க்க வந்தார்களாம். நாற்பத்துமூன்று பார்த்தார்களாம். நான் கேட்கவே இல்லை, நஸீமே தானாகச் சொன்னான். இனி அந்தக் கடைப்பக்கம் போகமாட்டேன்.

அபீருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா இந்தத் தமன்ஹூரில்?

ஜூலை 5

பள்ளியிலிருந்து வந்தபோது படியில் இரண்டு ஆள்கள் டிவிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு அம்மாள், கையில் பர்ஸ், கூடவே அவள் மகள். மகளுக்குக் கல்யாணமாம். பெட்டியில் கம்பெனி டேப் அப்படியே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தாள். "அல்லாஹ் உங்க பொண்ணுக்கும் நல்ல இடம் குடுப்பான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அபீர்தான் ஃபோனில் விளம்பரம் போட்டு விற்றிருக்கிறாள். மேலே வீட்டுக்குள் லுத்ஃபி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

வரவேற்பறையில் அபீரின் சூட்கேஸ். அலெக்ஸாந்திரியாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் தருகிறார்கள், நாலு மணி ரயில். இதையெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போதுதான் தெரியும்.

மேசையில் பணத்தை வைத்தாள். "முப்பத்தோராயிரம். எண்ணிக்கோ."

"எனக்கு எதுக்குடி? உன் சீர்தானே."

"உன் சீட்டு, உன் மோதிரம். பல்லக் கட்டிக்கோ." பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பரிசோதனை முடிவு எழுதுகிற அதே நேரான எழுத்து. 'டிவி, ஐம்பத்தைந்து அங்குலம், ஒன்று. இன்றைய விலை முப்பத்தோராயிரம் பவுண்டு. முழுதும் பெற்றுக்கொண்டேன். இனி அபீரிடமிருந்து எதுவும் வர வேண்டியதில்லை.' கீழே என் முழுப்பெயர், பக்கத்தில் கோடு.

"அப்பா சாட்சி. கையெழுத்துப் போடும்மா" என்றாள்.

அம்மா என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. லுத்ஃபியைப் பார்த்தேன்; அவர் பேனாவை மூடி கழற்றி என்னிடம் நீட்டினார்.

போட்டேன். அவள் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, சூட்கேஸைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.